வால்யூமைக் கூட்டாதீங்க, இரைச்சலை வெளியே நிறுத்துங்க

இந்த எபிசோடை எங்க இருந்து கேட்கிறீங்க? எலெக்ட்ரிக் ட்ரெயின்லயா, மெட்ரோலயா, ஆபீஸ் போற பஸ்லயா? எங்க இருந்தாலும் சரி, போனை எடுத்து வால்யூம் கோடு எந்த இடத்துல நிக்குதுன்னு ஒரு தடவை பாருங்க. பார்த்துட்டீங்களா? அந்த அளவை ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னைக்கு நாம பேசப்போறது அந்தக் கோட்டைப் பத்திதான்.

"நல்ல இயர்போன் ஒண்ணு சொல்லுங்க"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பேஸ் எப்படி இருக்கணும், பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கணும், மைக் நல்லா இருக்குமான்னு எல்லாம் கேட்கிறீங்க. அதுக்கெல்லாம் முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த இயர்போன் வெளி இரைச்சலை எவ்வளவு தடுக்கும்? என்னைக் கேட்டா, அதுதான் முதல் கேள்வி. ஏன்னு பார்க்கலாம்.

காதுக்கு ஒரு வாரக் கோட்டா

சத்தத்தை டெசிபல் கணக்குல அளக்கிறாங்க. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-ல் போன், மியூசிக் பிளேயர் மாதிரியான கருவிகளுக்கு ஒரு தரநிலையை வெளியிட்டாங்க. அதன்படி பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவு, 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்ல அதே 40 மணி நேரம்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்குல ஏறாது. 3 டெசிபல் கூடினாலே ஒலியோட ஆற்றல் இரண்டு மடங்கு ஆயிடும். அதனால அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். 83 டெசிபல்னா 20 மணி நேரம். 86-னா 10 மணி நேரம். 89-னா 5. 92-னா இரண்டரை. 95 டெசிபல்ல கேட்டா, ஒரு வாரத்துக்கு மொத்தமே ஒண்ணேகால் மணி நேரம்தான்.

இப்போ உங்க கணக்கைப் போட்டுப் பாருங்க. தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். மொத்தம் 10 மணி நேரம். அந்தப் பத்து மணி நேரமும் 95 டெசிபல்ல பாட்டு ஓடினா, வாரக் கோட்டாவைப் போல எட்டு மடங்கு காதுக்குள்ள போயிருக்கு. திங்கட்கிழமை வீடு திரும்பறதுக்குள்ளேயே அந்த வாரக் கோட்டா காலி. அதே பத்து மணி நேரத்தை 80 டெசிபல்ல கேட்டிருந்தா, கோட்டாவுல கால் பங்குதான் செலவாகியிருக்கும்.

"நான் அவ்வளவு சத்தமா கேட்கவே மாட்டேனே"ன்னு தோணலாம். ராத்திரி வீட்டுல படுத்துக்கிட்டு கேட்கும்போது கேட்க மாட்டீங்க. ஜன்னல் திறந்த பஸ்ல, பக்கத்துல ஏர் ஹாரன் அடிக்கிற இடத்துல என்ன நடக்குதுன்னு யோசிங்க. பஸ் இரைச்சல் 80 டெசிபலைத் தொட்டா, பாட்டு வரி புரியறதுக்கு நம்ம கை தானா வால்யூமை அதுக்கும் மேல கொண்டுபோகும். சுத்தி இருக்கிற இரைச்சலோட போட்டி போடறதால, சத்தம் அதிகமா இருக்குன்னே நமக்குத் தோணாது. ஆனா காதுக்குள்ள போறது போறதுதான்.

போனா வளராது

நம்ம உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு பகுதி இருக்கு. காக்ளியான்னு சொல்லுவாங்க. ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 நுண்மயிர் செல்கள் அதுக்குள்ள இருக்கு. ஒலி அதிர்வை நரம்புக்கான சிக்னலா மாத்தறது இந்தச் செல்கள்தான். கோழிக்கு இந்தச் செல்கள் அழிஞ்சா மறுபடி வளரும். மனுஷங்களுக்கு வளராது. பிறக்கும்போது கொண்டுவந்ததை வச்சுத்தான் கடைசி வரைக்கும் ஓட்டணும்.

சத்தத்தால வர்ற பாதிப்பு பெரும்பாலும் 3,000-லேர்ந்து 6,000 ஹெர்ட்ஸ் வரைக்குமான உயர்ந்த சுருதியிலதான் முதல்ல தெரியும். அதனால "காது கேட்கலை"ன்னு ஆரம்பத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. "கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை"ன்னு சொல்லுவாங்க. ஹோட்டல்ல நாலு பேர் சேர்ந்து பேசும்போது எதிர்ல இருக்கிறவர் 'காசு'ன்னு சொன்னாரா, 'காது'ன்னு சொன்னாரான்னு குழப்பம் வரும். சிலருக்கு ராத்திரி அமைதியில காதுக்குள்ள 'ஙொய்'ன்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். டின்னிடஸ்னு பேரு. வெளியே இருக்கிற சத்தத்தை நிறுத்தலாம். இதை நிறுத்த சுவிட்ச் கிடையாது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

இப்போ இயர்போனுக்கு வருவோம். இரைச்சலைத் தடுக்க இரண்டு வழி இருக்கு.

முதல் வழி, காதுத் துளையை இறுக்கமா அடைக்கிறது. முனையில சிலிக்கான் ரப்பரோ, ஃபோமோ இருக்கிற இன்-இயர் வகை இதைச் செய்யும். காதோட வெளிப்பகுதியில சும்மா உட்கார்ற, ரப்பர் இல்லாத வகை அநேகமா எதையும் தடுக்காது. நல்லாப் பொருந்தின இன்-இயர், 20 டெசிபல் அளவுக்கு வெளி இரைச்சலைக் குறைச்சிடும். 80 டெசிபல் பஸ், காதுக்குள்ள 60 ஆயிடும். அப்போ 70, 75-ல பாட்டு தெளிவா கேட்கும்.

இது புது விஷயமும் கிடையாது. எட்டிமோட்டிக் ரிசர்ச்னு ஒரு அமெரிக்க நிறுவனம், காது பரிசோதனைக்கான இன்சர்ட் இயர்போன்களைச் செஞ்சுக்கிட்டிருந்தது. 1991-ல் இசை கேட்கிறதுக்காக இ.ஆர்.-4னு ஒரு மாடலை அவங்க கொண்டுவந்தாங்க. காதுக்குள்ள ஆழமாப் போய் நல்லா அடைக்கிற வகை. பேட்டரியும் கிடையாது, சிப்பும் கிடையாது. வெறும் அடைப்புதான்.

இரண்டாவது வழி ஏ.என்.சி., அதாவது ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன். மைக் வெளி இரைச்சலைக் கேட்டு, அதுக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, இரண்டையும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்க வைக்கும். ஏசி, ரயில் எஞ்சின், விமானம் மாதிரி தொடர்ந்து வர்ற தாழ்ந்த உறுமலுக்கு இது பிரமாதம். திடீர்னு வர்ற ஹாரன், பக்கத்து சீட்டுப் பேச்சு, பாத்திரச் சத்தம் மாதிரியான உயர்ந்த ஒலிகளுக்கு ரப்பர் அடைப்புதான் கை கொடுக்கும். அதனால ஏ.என்.சி. இருந்தாலும் பொருத்தம் சரியா இருக்கணும். பெட்டியில "50 டெசிபல் வரை"ன்னு போட்டிருந்தா, அது ஏதோ ஒரு அலைவரிசையில கிடைச்ச அதிகபட்சம். எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

இன்னொரு எச்சரிக்கை. நிறைய பெட்டிகள்ல ஈ.என்.சி.னு பெருசா எழுதியிருக்கும். அது உங்க மைக்குக்கானது. நீங்க போன் பேசும்போது எதிர்ல இருக்கிறவருக்கு உங்க குரல் தெளிவா கேட்க உதவும். உங்க காதுக்கு வர்ற பஸ் சத்தத்தை அது ஒண்ணும் பண்ணாது. ஏ.என்.சி.யா ஈ.என்.சி.யான்னு ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

பெட்டியில சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு ஜோடி ரப்பர் தருவாங்க. நம்மள்ல பாதிப் பேர் மாட்டி வந்த நடுத்தரத்தை மாத்தறதே இல்லை. மூணையும் போட்டுப் பாருங்க. இரண்டு காதும் ஒரே அளவா இருக்கணும்னு இல்லை. வலது காதுக்குப் பெருசும் இடது காதுக்கு நடுத்தரமும் பொருந்தினா, அப்படியே போட்டுக்கலாம்.

மாட்டும்போது இன்னொரு கையால காதுமடலை லேசா மேல் பக்கமும் பின் பக்கமும் இழுங்க. துளை நேராகும், இயர்போன் சரியா உட்காரும். ஃபோம் முனைன்னா விரலால உருட்டிச் சின்னதாக்கி உள்ளே வச்சு, அது விரியற வரைக்கும் அரை நிமிஷம் பிடிச்சுக்கோங்க. ஏதாவது பேசிப் பாருங்க. உங்க குரலே குடத்துக்குள்ள பேசற மாதிரி கேட்டா, அடைப்பு சரியா இருக்கு. பேஸ் வத்திப்போய் தகர டப்பா மாதிரி கேட்டா, எங்கேயோ இடைவெளி இருக்கு. "பேஸே வரலை"ன்னு புது இயர்போனைத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரப்பரை மாத்திப் பாருங்க.

வலிச்சா அழுத்தித் திணிக்காதீங்க. முனைகளை அடிக்கடி துடைச்சுக் காய வைங்க. நம்ம ஊர் வியர்வைக்கு ஈரத்தோட காதை அடைச்சு வச்சா பூஞ்சைத் தொற்று வரலாம். காதுக் குறும்பியை எடுக்கிறேன்னு பட்ஸ் போட்டுக் குடையவும் வேண்டாம். அது குறும்பியை இன்னும் உள்ளேதான் தள்ளும்.

ஒரே ஒரு பழக்கம்

60 சதவீத வால்யூமுக்கு மேல போகாதேன்னு ஒரு அறிவுரை கேள்விப்பட்டிருப்பீங்க. மோசமில்லை. ஆனா ஒரு போன்ல 60 சதவீதம்ங்கிறது இன்னொரு போன்ல, இன்னொரு இயர்போன்ல வேற டெசிபலா இருக்கும். அதைவிட சுலபமான வழி ஒண்ணு சொல்றேன். ராத்திரி வீடு அமைதியா இருக்கும்போது, பாட்டு தெளிவா கேட்கிற குறைஞ்ச அளவுல வால்யூமை வைங்க. அதுதான் உங்க அளவு. மறுநாள் பஸ்ல அந்த அளவுல கேட்குதான்னு பாருங்க. ஒண்ணு ரெண்டு படி ஏத்தினா போதும்னா, உங்க இயர்போன் வேலை செய்யுது. பாதிக் கோடு ஏத்த வேண்டியிருந்தா, அடைப்பு பத்தலை. வால்யூம் பட்டனுக்குப் பதிலா ரப்பரை மாத்துங்க.

ஐபோன்ல செட்டிங்ஸ்க்குள்ள ஹெட்ஃபோன் சேஃப்டின்னு ஒரு பகுதி இருக்கு. எத்தனை டெசிபலுக்கு மேல போகக் கூடாதுன்னு அங்கே வரம்பு வைக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்லயும் மீடியா வால்யூமுக்கு வரம்பு வைக்கிற வசதி இருக்கு.

ஆனா நல்லா அடைச்சு வச்சுக்கிட்டு, அதே பழைய வால்யூம்ல கேட்டா எந்தப் பிரயோஜனமும் இல்லை. இரைச்சலைத் தடுக்கிறது, வால்யூமைக் குறைக்கிறதுக்காக. அதே மாதிரி, ரோடு கிராஸ் பண்ணும்போதும், தண்டவாளம் பக்கம் நடக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் இரண்டு காதுல இருந்தும் கழட்டிடுங்க. ஹாரனைக் கேட்காம விடற அளவுக்கு முக்கியமான பாட்டோ பாட்காஸ்ட்டோ எதுவும் கிடையாது. இந்த பாட்காஸ்ட்டும் சேர்த்துத்தான் சொல்றேன்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

2024 ஜூன் மாசம் பாடகி அல்கா யாக்னிக், தனக்குத் திடீர்னு காது கேட்காமப் போச்சுன்னு வெளியே சொன்னாங்க. வைரஸ் தாக்குதலால வந்த நரம்பு பாதிப்புன்னு டாக்டர்கள் கண்டுபிடிச்சதா எழுதியிருந்தாங்க. அதாவது, அவங்களுக்கு வந்தது ஹெட்ஃபோனால இல்லை. ஆனாலும் அதிகச் சத்தமும் ஹெட்ஃபோனும் விஷயத்துல ஜாக்கிரதையா இருங்கன்னு ரசிகர்களுக்கும் சக கலைஞர்களுக்கும் அவங்க சொன்னாங்க.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. தூங்கி எழுந்தா ஒரு காது கேட்கலை, அல்லது சில மணி நேரத்துல கேட்கிறது மளமளன்னு குறையுதுன்னா, அது அவசர சிகிச்சை தேவைப்படற விஷயம். "சளியா இருக்கும், தானா சரியாகும்"னு ஒரு வாரம் காத்திருக்காதீங்க. அன்னைக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க. சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறாங்களோ, அவ்வளவு நல்லது. கச்சேரியோ டி.ஜே.யோ முடிஞ்சு வந்த பிறகு காதுல வர்ற 'ஙொய்' சத்தம் ஓரிரு நாள்ல போகலைன்னாலும் ஒரு ஆடியோகிராம் எடுத்துப் பாருங்க. வலி இல்லாத டெஸ்ட், கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்.

சரி, ஆரம்பத்துல பார்க்கச் சொன்ன வால்யூம் கோடு ஞாபகம் இருக்கா? இரண்டு படி குறைங்க. என் குரல் இன்னும் புரியுதுன்னா அங்கேயே விட்டுடுங்க. புரியலைன்னா, இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து, மிச்சம் இரண்டு ஜோடி ரப்பரையும் போட்டுப் பாருங்க. எந்த அளவு பொருந்துச்சுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.