ஈறு நோயும் கொடிய ஜுரமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

தேகத்தில் எவ்வுறுப்பு நோவினும் வைத்தியரை நாடும் நாம், ஈறு நோயை மாத்திரம் ஒரு நோயென்றே கருதுகின்றோமில்லை. பல் துலக்குங்கால் இரத்தம் கசிந்தால் உப்பு நீரால் கொப்பளித்து மறந்துவிடுகின்றோம். பல் ஆடினால் வயதாகிவிட்டதென்று அமைகின்றோம். இதன் தீமை வாயோடு நிற்பதன்று.

முதற்கண் இந்நோய் உண்டாகும் விதத்தைக் கூறுவோம். பல்லின்மீது கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் நாடோறும் படிகின்றது. அதனை நீக்காவிடின் இறுகிக் காரையாகின்றது. பின்னர் ஈறு வீங்கிப் பல்லைவிட்டு விலக, இடையே பள்ளம் தோன்றுகின்றது. அங்கே குடிகொண்ட கிருமிகளோடு தேகம் இடையறாது போராடுவதால், பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்துவிடுகின்றது. பெரும்பாலும் வலி இராமையின் நோயாளி இதனை அறியான்.

இனி, 2020-ஆம் வருஷத்தில் உலகை வாட்டிய கொரோனாவைப் பற்றிச் சொல்லுவோம். அவ்வருஷம் கத்தார் தேசத்தில் அந்நோய் கண்ட 568 பேருடைய பற்களின் நிலையை வைத்தியர்கள் ஆராய்ந்து, 2021-இல் வெளியிட்டனர். அவர்களுள் 40 பேர் தீவிர சிகிச்சையோ, செயற்கைச் சுவாசமோ, மரணமோ எய்தினர். ஏனைய 528 பேர் பெருந்துன்பமின்றி மீண்டனர். வயது, புகைப் பழக்கம், நீரிழிவு முதலியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னும், ஈறு நோயுடையார்க்குத் தீவிர சிகிச்சை நேரும் சாத்தியம் சுமார் 3½ மடங்கும், செயற்கைச் சுவாசம் வேண்டப்படும் சாத்தியம் சுமார் 4½ மடங்கும், மரண சாத்தியம் 8 மடங்குக்கு மேலும் காணப்பட்டன.

இதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடு நுரையீரலிற் புகுதல் ஒன்று. ஈற்றின் அழற்சி இரத்தத்தின் வழியே தேகமெங்கும் பரவி, ஜுரத்தின் வேகத்தை மிகுவித்தல் மற்றொன்று.

எனினும், இரண்டு சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமென்று துணிதல் தகாது. 40 பேர் என்பதும் சிறு தொகையே. பல் துலக்கினாற் கொரோனா அணுகாதென்று எவரேனும் கூறின் நம்பற்க. தடுப்பூசிக்குப் பற்பொடி ஈடாகாது. ஆயினும் ஈறு நோய் நீரிழிவை மிகுவிப்பதும், நீரிழிவு ஈறு நோயை மிகுவிப்பதும் நன்கறியப்பட்டவை. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் 2 வருஷம் நடைபெற்று 1999-இல் வெளியான ஆராய்ச்சியில், ஒவ்வொரு வேளை உணவின் பின்னும் வாயைத் துப்புரவு செய்யப்பெற்ற முதியோர்க்கு நுரையீரற் காய்ச்சல் குறைந்தது. நம் இல்லங்களிற் படுக்கையிலுள்ள தாய் தந்தையர்க்கு உணவும் மருந்தும் ஊட்டும் நாம், அவர்தம் வாயைத் துலக்கிவிடுகின்றோமா?

காரையை எடுத்தாற் பல் ஆடுமென்று அஞ்சுவார் பலர். அது பிழை. எலும்பு கரைந்தமையால் முன்னமே தளர்ந்த பல், காரை நீங்கியபின் தன் தளர்ச்சியைக் காட்டுகின்றது, அவ்வளவே.

ஆகவே, காலையும் இரவும் பல் துலக்குவீராக. ஈற்றில் இரத்தங் கண்டால் பல் வைத்தியரிடம் காட்டுவீராக. புகையிலை ஈற்றுக்குப் பகையாதலால், நம்மவர் கலியாணங்களில் தாம்பூலத் தட்டிலிருந்து அதனை நீக்குவோமாக. இச்சிறு வழக்கத்தைச் சங்கத்தார் ஒருமுகமாய்க் கைக்கொள்ளின், அதன் பயனை நம் மக்கள் அடைவர்.