பிழைச்செய்தியும் மொழித்தெளிவும்



மொழி இன்று கணினித் திரையிலும் பேசுகிறது. அங்கே அது எத்துணைத் தெளிவாகப் பேசுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம்.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வலைச்சேவைப் பொதியை நிறுவுகிறோம் எனக் கொள்வோம். கோப்புகள் யாவும் தத்தம் இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. பின்னர், நிறுவல் நிரல் அச்சேவையை இயக்க முற்படுகிறது. 80ஆம் எண் போர்ட்டை வேறொரு சேவை முன்பே பற்றியிருப்பின் இயக்கம் தடைப்படும். ஆயின், இறுதி வரியில் நாம் காண்பது, 'டிபிகேஜி பிழைக்குறி 1 தந்தது' என்பதாகவே இருப்பதுண்டு. அந்த 1 தோல்வியை உணர்த்துகிறது, காரணத்தை உணர்த்தவில்லை. காரணமோ 'ஜர்னல்சிடிஎல்' கட்டளை காட்டும் பதிவேட்டில் கிடக்கிறது. பொதியே பழுதென்று எண்ணும் மாணவர் அதனை நீக்கி நீக்கி நிறுவுகிறார்; பயன் விளைவதில்லை.

இச்செய்தியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் தெளிவு பிறக்குமா? பிறவாது. மூலத்தில் இல்லாத பொருளை மொழிபெயர்ப்பு வழங்க இயலாது. மாறாக, இவ்வாறு எழுதிப் பார்ப்போம்: 'சேவை இயங்கவில்லை. 80ஆம் எண் போர்ட்டை வேறொரு சேவை பயன்படுத்துகிறது. அதனை நிறுத்திவிட்டு மீண்டும் முயல்க.' நடந்தது, காரணம், செய்யத்தக்கது ஆகிய மூன்றும் இதில் உள்ளன.

கலைச்சொல் ஆக்கத்தோடு நம் பணி முடிந்துவிடவில்லை. நிரல் எழுதும் மாணவர் பிழைச்செய்தியில் இம்மூன்றையும் தவறாது எழுதப் பழக வேண்டும். அப்பயிற்சியை நம் மொழி வகுப்பிலேயே தொடங்குவோம்.