திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதிரி மேடையில் பேச வருகிறவர்கள் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பேசுவார்கள். அதை எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் நன்னிலத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ நடத்துகிறவன். இங்கே படித்த இயற்பியல் எனக்கு எங்கே சோறு போடுகிறது என்று சொல்லிவிட்டு, கடைசியில் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்றைக்குப் பல வீடுகளில் போட்டோ பிரிண்டர் வந்துவிட்டது. "அண்ணே, செல்போன்ல பாக்குறப்ப அரக்குச் சிவப்பா இருந்த புடவை, பிரிண்ட் போட்டா செங்கல் நிறத்துல வருது. மிஷின் கோளாறா?" என்று கேட்டு வருகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது உண்டு. மிஷினில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. இரண்டு கருவிகளும் ஒரே எண்ணை இரண்டு விதமாகப் புரிந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் சுமார் 1 கோடியே 67 லட்சம் சேர்க்கைகள். ஆனால் அந்த எண் நிறம் அல்ல, ஒரு கட்டளை. "சிவப்பை 200 அளவுக்கு ஏற்று" என்பது கட்டளை. எந்தச் சிவப்பு, எவ்வளவு வெளிச்சம் என்பது அந்தந்தத் திரையைப் பொறுத்தது. திரை ஒளியைத் தருகிறது. தாளோ தன் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை மை விழுங்கியது போக மிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற மைகளைக் கொண்டு அந்த மூன்று எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எப்படி ஒத்துப்போகும்?

நம் தஞ்சைச் சீமையில் இதைப் புரிய வைப்பது சுலபம். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் வேறு. "பத்து மரக்கால் நெல்" என்றால் எந்த ஊர் மரக்கால் என்று கேட்க வேண்டும். இந்த மரக்காலுக்கு இத்தனை படி என்று யாராவது அளந்து எழுதி வைத்திருந்தால் வம்பில்லை. அந்த எழுதி வைத்த குறிப்புதான் கலர் ப்ரொஃபைல். உங்கள் திரைக்கு ஒன்று, உங்கள் பிரிண்டருக்கு ஒன்று.

எல்லா மரக்காலையும் ஒப்பிடப் பொதுவான ஒரு படி வேண்டுமே? அது 1931-லேயே வந்துவிட்டது. ஒளியியலுக்கான சர்வதேச ஆணையமான சி.ஐ.இ., சராசரி மனிதக் கண் நிறத்தை எப்படி உணர்கிறது என்பதை எண்களாக்கியது. 1976-ல் அதன் வழிவந்த 'லேப்' அளவுமுறை வந்தது. 1993-ல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐ.சி.சி. என்ற அமைப்பைத் தொடங்கி, ப்ரொஃபைல் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பொது இலக்கணம் வகுத்தன. எந்தக் கம்பெனிக் கருவியானாலும் இன்று அந்த ஒரே இலக்கணம்தான். நாம் தினம் காணும் எஸ்.ஆர்.ஜி.பி. என்பது 1996-ல் முன்வைக்கப்பட்டு 1999-ல் சர்வதேசத் தரமானது.

திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன், தம் கடைசிக் காலத்தில் பூக்களின் நிறத்தையும் கண்ணின் பார்வையையும்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அது பற்றிய அவர் நூல் 1968-ல் வந்தது. நிறம் என்பது விளையாட்டு விஷயமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் திரை

பிரிண்ட் இருட்டடித்து வருகிறது என்பதுதான் அதிகமாக வரும் புகார். பெரும்பாலும் காரணம் பிரிண்டர் அல்ல, திரையின் வெளிச்சம். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று திரையை உச்சத்தில் வைத்து அனுப்புகிறார்கள். அந்த வெளிச்சத்தில் படத்தைச் சரி செய்தால் தாளில் இருட்டாகத்தான் வரும்.

திரையை அரைமணி நேரம் ஓட விடுங்கள். இரவு நேர மஞ்சள் ஒளி, தானே கூடிக் குறையும் வெளிச்சம் ஆகிய வசதிகளை நிறுத்துங்கள். வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டலா அளவுக்கு இறக்குங்கள். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2. பிறகு கலரிமீட்டர் என்ற சிறு கருவியைத் திரைமேல் தொங்கவிட்டால், மென்பொருள் வரிசையாக நிறங்களைக் காட்டி அளந்து ப்ரொஃபைலை எழுதிவிடும். இதில் இரண்டு வேலை இருக்கிறது. கோணலான மரக்காலைத் தட்டி நிமிர்த்துவது அளவு திருத்தம். நிமிர்த்திய மரக்கால் எத்தனை படி பிடிக்கிறது என்று எழுதுவது ப்ரொஃபைல். முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்தால் பயன் குறைவு.

பிறகு பிரிண்டர்

"கம்பெனிக்காரனே ப்ரொஃபைல் தர்றானே சார்?" என்று கேட்பீர்கள். தருகிறார்கள், அவர்களுடைய மைக்கும் அவர்களுடைய தாளுக்கும். நம் ஊரில் நடப்பது என்ன? பிரிண்டர் ஒரு கம்பெனி, மை இன்னொரு கம்பெனி, தாள் எந்தக் கம்பெனி என்றே தெரியாத 180 ஜி.எஸ்.எம். பளபளப்புத் தாள். இந்த மூன்று பேர் சேர்ந்த குடும்பத்துக்கு உலகத்தில் யாரும் ப்ரொஃபைல் எழுதியிருக்க மாட்டார்கள். நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் நாசில் செக் போட்டு எல்லா வண்ணமும் அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, பிரிண்டர் டிரைவரில் இருக்கும் வண்ணத் திருத்தம் அத்தனையும் அணைத்துவிட வேண்டும். தாளின் வகை என்ன தேர்ந்தெடுத்தோம், தரம் என்ன என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிற்பாடு அதே அமைப்பில்தான் அச்சிட வேண்டும். பிறகு சில நூறு கட்டங்கள் கொண்ட வண்ண அட்டவணையை அச்சிட்டு ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். மை காயக் காய நிறம் நகரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் கூடுதல் நேரம் கொடுங்கள். காய்ந்த பிறகு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரால் கட்டம் கட்டமாக அளந்தால் மென்பொருள் கோப்பைத் தந்துவிடும். திரை அளக்கும் சாதாரண கலரிமீட்டர் தாளை அளக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். மென்பொருளுக்குக் காசு வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரீம் கில் எழுதிய 'ஆர்ஜில்' இலவசமாகவே கிடைக்கிறது.

பயன்படுத்தும்போது ஒன்றை மறக்க வேண்டாம். வண்ணத்தைக் கவனிப்பது ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மென்பொருளில் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் டிரைவரில் திருத்தத்தை அணையுங்கள். இரண்டு பேரும் திருத்தினால் இரண்டு தடவை உப்புப் போட்ட குழம்புதான்.

அப்படியும் சில நிறங்கள் வராது. கிளிப்பச்சைப் பட்டின் மினுமினுப்பு திரையில் வரும், சாதாரண மைக்கு எட்டாது. எட்டாத நிறத்தை என்ன செய்வது என்பதற்கு முறைகள் உண்டு. 'பெர்செப்சுவல்' முறை எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் சுருக்கி உறவைக் காப்பாற்றும். 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' முறை எட்டும் நிறங்களைத் தொடாமல் எட்டாததை மட்டும் எல்லைக்குக் கொண்டுவரும். இரண்டையும் போட்டுப் பாருங்கள், படத்துக்குப் படம் தீர்ப்பு மாறும். மையை மாற்றினால், தாளை மாற்றினால், பழைய ப்ரொஃபைல் செல்லாது.

இதனால் என்ன ஆகிவிடப் போகிறது?

நியாயமான கேள்வி. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது முகம். ஃபிலிம் காலத்தில், 1950-களில் தொடங்கி, லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க 'ஷர்லி கார்டு' என்று கோடாக் நிறுவனம் ஒரு படம் கொடுத்தது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. வயலில் நின்று கறுத்த நம் அப்பா அம்மா முகம் அந்தக் கணக்கிலேயே இல்லை. பல மாநிற முகங்களும் சேர்ந்த அட்டைகள் வர 1990-கள் ஆயிற்று. இன்றும் நம் ஆட்களே "கொஞ்சம் வெளுப்பாப் போடுங்க" என்கிறார்கள். நான் போட்டுத் தருவதில்லை. அளந்து செய்த ப்ரொஃபைல் கறுப்பைக் கறுப்பாகவே, அதன் அழகோடு தரும். பழைய கலர் போட்டோக்கள் சாயம் மங்கிச் சிவந்துகொண்டிருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தபோது ஓடு பறந்த வீடுகளில் ஆல்பங்களும் நனைந்தன. மிச்சம் இருப்பதை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடும்போது, அம்மாவின் நிறம் அம்மாவின் நிறமாகவே வர வேண்டாமா?

இரண்டாவது வயல். இலை வண்ண அட்டை உங்களில் பலருக்குத் தெரியும். நெல் இலையின் பச்சையைப் பார்த்துத் தழைச்சத்து போதுமா என்று சொல்லும் அட்டை. முழுதாக விரிந்த இளம் இலைகள் பத்தை, நம் உடம்பு நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆறு இலையாவது குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் யூரியா போட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

அந்த அட்டையின் படம் வாட்ஸாப்பில் வருகிறது. "வீட்ல பிரிண்ட் போட்டுக்கிட்டேன்" என்று ஒருவர் காட்டினார். நாலாம் பச்சை வெளுத்து அச்சாகியிருந்தால், பசித்த பயிரும் நாலுக்குப் பொருந்துவதாகத் தெரியும், உரம் போடாமல் விட்டுவிடுவார். கருத்து அச்சாகியிருந்தால், போதுமான பச்சையுள்ள பயிர் மூன்றாகத் தெரியும். தேவையில்லாத யூரியா விழும், புகையானும் குலைநோயும் தேடி வரும், கதிர் பிடித்த பயிர் சாயும். ஒரு மூட்டை யூரியா, ஒரு போக விளைச்சல், ஒரு பிரிண்டரின் பச்சையை நம்பி!

"ப்ரொஃபைல் போட்டு அச்சடிச்சா சரியாயிடுமா?" என்று அவரே கேட்டார். ஆகாது. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சைகள் வேறு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். மெட்டாமெரிசம் என்று நாம் படித்தது இதைத்தான். ப்ரொஃபைல் ஒரு நிர்ணயித்த ஒளியை வைத்துக் கணக்குப் போடுகிறது. காலை வயல் வெளிச்சம் அதற்குக் கட்டுப்படாது. அளந்து தயாரித்த பிளாஸ்டிக் அட்டையையே வாங்குங்கள். கருவியின் பலத்தைச் சொல்கிறவன் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும்.

ஒரு விண்ணப்பம்

தாளை அளக்கும் கருவியின் விலை, வீட்டு பிரிண்டரின் விலையைவிடப் பல மடங்கு. தனி ஆள் வாங்கினால் வருஷத்தில் நாலு தடவை எடுப்பார், மிச்ச நாள் அலமாரியில் தூங்கும். சங்கம் ஒன்று வாங்கி நம் இயற்பியல் துறையில் வைத்தால் என்ன? பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. வண்ண அட்டவணையை வீட்டிலேயே அச்சிட்டு, காய வைத்து, தபாலில் அனுப்பினால் போதும். மாணவர்கள் அளந்து கோப்பை மெயிலில் அனுப்பிவிடலாம். ஒரு சிறு கட்டணம் வைத்தால் கருவியின் பராமரிப்புக்கு ஆகும். இந்த வேலை தெரிந்த பிள்ளைக்குச் சிவகாசி அச்சகத்திலும் திருப்பூர் துணி அச்சிலும் மதிப்பு உண்டு.

என் பங்காக முதல் தொகையை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். கருவி வந்தால், மாதம் ஒரு சனிக்கிழமை நானே நன்னிலத்திலிருந்து வந்து தம்பி தங்கைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பஸ் செலவு சங்கம் தர வேண்டாம், டீ மட்டும் போதும்.