படைப் பயிற்சியும் நம் பிள்ளைகளும்

(பொன்விழா இளையோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா நாட்களில் குருத்துவத்துக்கும் துறவறத்துக்கும் வரும் இறையழைத்தலைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று வேறோர் அழைப்பைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நம் மனத்தை நெடுநாளாக உறுத்திவரும் ஒரு நிகழ்ச்சியே அதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது, ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். மகள் அப்போதுதான் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருந்தாள். என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படைக்குப் பெயர் கொடுக்க அவளுக்கு ஆசை. "சாமி, பொட்டப்புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, கேட்டுக்கிடுவா" என்றார் தாய். நாமும் சொன்னோம், அவளும் கேட்டுக்கொண்டாள்.

மூன்று ஆண்டுகள் கழித்து அவளே மீண்டும் வந்தாள். உடன் படித்த தோழி இராணுவ அதிகாரித் தேர்வுக்குப் புறப்படுகிறாளாம். "என்கிட்ட 'சி' சான்றிதழ் இல்லையே சாமி" என்றாள். நம்மைக் குறையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்கு மிகவும் வலித்தது. எழுத்துத் தேர்வு வழி அவளுக்கு இன்னும் திறந்திருந்தது. நேர்வழியை அடைத்தவர் நாம். விவரம் அறியாமல் அறிவுரை சொன்னோம். அந்தக் குற்றம் மீண்டும் நேராதிருக்க, அறிந்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

நம் நாட்டில் கல்லூரி மாணவருக்குப் படைப் பயிற்சி 1917-லேயே தொடங்கிவிட்டது. விடுதலைக்குப் பின், 1948-இல் சட்டம் இயற்றித் தேசிய மாணவர் படையை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே பெண்கள் பிரிவும் வந்தது. அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், வரைபடம் பார்த்தல், முகாம் வாழ்வு ஆகியவை இதன் பாடங்கள். முதலில் 'பி' சான்றிதழ், மூன்றாம் ஆண்டில் 'சி' சான்றிதழ். 'சி' சான்றிதழில் 'பி' தரமாவது பெற்று, பட்டப் படிப்பில் 50 விழுக்காடு எடுத்தவர், எழுத்துத் தேர்வின்றி விண்ணப்பித்து, தெரிவு செய்யப்பட்டால், ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்கே செல்லலாம். ஆகவே, இந்த வாசல் முதலாண்டிலேயே திறக்கிறது. இறுதியாண்டில் வந்து தட்டினால் பயனில்லை.

தேர்வு பெற்றவர்கள் எங்கே செல்கிறார்கள்? தோமையார் இரத்தம் சிந்தியதாக மரபு கூறும் அதே பரங்கிமலைக்குத்தான்! அங்கே 1963-இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, 1988 முதல் அகாதெமி எனப் பெயர் பெற்றது. 1992 முதல் பெண்களும் அங்கே பயில்கிறார்கள். 49 வாரப் பயிற்சி முடித்து லெப்டினன்டாக வெளியேறுகிறார்கள். இராணுவத்தின் பெண் அதிகாரிகள் நிரந்தரப் பணி பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

செவிலியராக விரும்பும் பெண்களுக்கு மற்றொரு வழி உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, நீட் தேர்வும் எழுதிய மணமாகாத பெண்கள், இராணுவ மருத்துவமனைகளைச் சார்ந்த செவிலியர் கல்லூரிகளில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாம். புனே, பெங்களூர் முதலிய நகரங்களில் அவை உள்ளன. படிக்கும்போதே உணவும் உறைவிடமும் கிடைக்கும். படிப்பு முடிந்ததும் இராணுவச் செவிலியர் பணியில் அதிகாரியாகச் சேர வேண்டும். அதற்கு முன்னதாகவே ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் பணி 1888-இல் பம்பாயில் வந்திறங்கிய பத்துச் செவிலியரோடு தொடங்கியது.

"கொலை செய்யாதே என்பது கட்டளையாயிற்றே, சாமி?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தம்மிடம் வந்த படைவீரரைத் திருமுழுக்கு யோவான் பணியை விட்டு வரச் சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பறிக்காமல், தம் சம்பளத்தோடு நிறைவடையச் சொன்னார். நூற்றுவர் தலைவனின் விசுவாசத்தை இயேசுவே வியந்தார். நாட்டின் படையில் முறையாகப் பணி செய்வோர் மக்களின் பாதுகாப்பையும் விடுதலையையும் காப்பவர்கள் என்பதே 1965-இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டின் போதனை. நம் பாளையங்கோட்டையில் 1923-இல் தூய சவேரியார் கல்லூரியை நிறுவிய சேசு சபையாரின் தந்தை இஞ்ஞாசியார், 1521-இல் பாம்ப்லோனா கோட்டையில் குண்டடிபட்ட வீரர் அல்லவா? செவிலியரின் பாதுகாவலரான புனித கமில்லுஸும் முன்னர் படைவீரரே.

ஆயினும் ஒன்றை மறைக்க மாட்டோம். இது உயிரைப் பணயம் வைக்கும் பணி. பரங்கிமலையில் பயிற்சி பெற்ற நம் தமிழகத்து மேஜர் முகுந்த் வரதராஜன், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரில் வீரமரணமடைந்தார். பின்னர் அவருக்கு அசோகச் சக்கரம் வழங்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டவர் அவர் மனைவி. பெற்றோரே, நீங்கள் அஞ்சுவது பாவமன்று. ஆனால் உங்கள் அச்சத்தைப் பிள்ளையிடம் அச்சம் என்றே சொல்லுங்கள். "கோவிலில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று அதற்கு வேறு பெயர் சூட்டாதீர்கள். அன்று அந்தத் தாயின் அச்சத்துக்கு நாம் அங்கி உடுத்திவிட்டோம்.

இளையோரே, சீருடையின் பகட்டுக்காகவோ சம்பளத்துக்காகவோ மட்டும் போகாதீர்கள். ஜெபித்து, வீட்டாரோடு கலந்து பேசி, உடலைப் பழக்கி, முடிவு செய்யுங்கள். சேர்ந்து பார்த்தபின் இது நம் வழியன்று எனத் தோன்றினால் வெட்கமில்லை. கற்ற ஒழுக்கம் வீணாகாது.

டவுணிலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு நம் பிள்ளைகள் நாள்தோறும் பஸ்ஸில் போகிறார்கள். இனி ஆண்டுதோறும் ஜூன் மாதம், கல்லூரி திறந்த முதல் ஞாயிறன்று, இந்த வாசலைப் பற்றிப் பூசையில் அறிவிப்போம். அறைவீட்டுக்கு வாருங்கள், இம்முறை விசாரித்தபின் பேசுவோம்.

அடைக்கலம் தரும் அன்னை உங்கள் பிள்ளைகளைப் போகும் இடமெல்லாம் காப்பாராக. ஆமென்.