கிணறும் கணக்கும்
பி.எஸ்ஸி. கணக்கு முடித்தால் வாத்தியார் வேலைதான் என்பார்கள். ஆனால் கணக்குக்கு வேறு வேலையும் உண்டு. இங்கிலாந்தின் குரோய்டனில் 1937 இலையுதிர் காலத்தில் டைபாய்டு பரவியது. அது பாலிலும் வரும், சிப்பியிலும் வரும், தண்ணீரிலும் வரும். இது எதில் வந்தது? யார் வீட்டுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஒப்பிட்டுப் பார்த்தால், ஆடிங்டன் கிணறு! அங்கே பழுதுபார்க்க இறங்கியவர்களில் ஒருவர் தன்னை அறியாமலே கிருமியைச் சுமந்தவர். அந்த நேரம் பார்த்துக் குளோரினும் கலக்கவில்லை. 341 பேர் படுத்தார்கள். 43 பேர் இறந்தார்கள். கிணற்றைக் காட்டிக்கொடுத்தது எண்ணிக்கைதான். எனக்கென்னவோ, கல்லூரியில் இப்படிக் கணக்குச் சொல்லித்தந்திருந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இன்று குரோய்டனிலிருந்து ரயிலேறிப் போய், லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் கணக்குப் பட்டதாரி மருத்துவப் புள்ளியியல் எம்.எஸ்ஸி. படிக்கலாம். ஸ்டெதஸ்கோப் வேண்டாம்.