கல்லில் பூத்த வாழை



ஒரு கட்டடம் எந்நாட்டது என்பதை அதன் தூணின் தலையே சொல்லிவிடும். நீலாற்றங்கரையில் கோரை செழித்தது. எகிபதியர் கார்நாக்குக் கோயிற் பெருமண்டபத்தின் 134 தூண்களையும் பாப்பிரசுக் கோரையாகவே நிறுத்தினர். நடுவிலுள்ள 12 தூண்களின் தலை விரிந்த பூ. ஏனை 122 தூண்களின் தலை கூம்பிய மொட்டு. கிரேக்கரோ தம் மண்ணின் முள்ளியிலையைக் கொரிந்தியத் தூணுக்குச் சூட்டினர். கன்னியொருத்தியின் கல்லறைமேல் வைத்த கூடையைச் சுற்றி முள்ளி தழைத்ததைக் கண்டே காலிமாக்கசு என்னும் சிற்பி அதனை அமைத்தான் என்பார், உரோம நூலாசிரியர் விட்ருவியசு.

தமிழன் என்ன செய்தான்? கல்விட்டம் நீண்டால் நடுவில் முறியும். ஆதலின் தூணுக்கும் விட்டத்துக்கும் இடையே போதிகையை வைத்துத் தாங்கலில்லா இடைவெளியைக் குறுக்கினான். பல்லவர் காலத்தில் அலைபோற் சுருண்ட அப்போதிகைக் கை, விசயநகர நாயக்கர் காலத்தில் நுனி கவிழ்ந்து வாழைப்பூவாயிற்று. சுமையைக் கை தாங்குகின்றது. பூவோ சுமையற்ற நுனியில் தொங்குகின்றது. வலிமையும் குன்றவில்லை, அழகும் குறையவில்லை. கொல்லை வாழையைக் கோயில் மண்டபத்தில் ஏற்றிய அறிவு அது!

ஆனால், கல்லும் உளியும் தமிழனுடையவாயிருக்கப் பெயர் மட்டும் ‘புட்ப போதிகை’ ஆவானேன்? பூமுனைப் போதிகை என்றால் விட்டம் விழுந்துவிடுமா? ‘பத்மம்’ என்பதைத் தாமரை என்றால் இதழ் உதிர்ந்துவிடுமா? பெயரை இழந்த தொழிலாளி, நாளடைவில் தொழிலுக்கும் அயலானாகி விடுகின்றான்.

இன்று எழும் பொதுக்கட்டடங்களோ பெரும்பாலும் கண்ணாடியும் சுதையுமாய், எவ்வூரிலும் ஒரே முகத்துடன் நிற்கின்றன. கிரேக்க முள்ளியின் உறவான கழிமுள்ளி பிச்சாவரத்து உப்பங்கழியில் பூத்துக் கிடக்கின்றது. அதனைச் செதுக்குவாரைக் காணோம். கற்பிக்க இடமில்லை என்றும் சொல்வதற்கில்லை. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசுக் கல்லூரியாய் நிற்கின்றது. கற்றவர்க்கு வேலை கொடுப்பதே குறை.

நிலத்துக்கொரு பூவைப் பெயராக்கித் திணை வகுத்த இனம் இது. மலைநாட்டு நூலகத்தில் குறிஞ்சியும், கடலோர முறைமன்றத்தில் நெய்தலும், வயல்நாட்டுப் பள்ளியில் மருதமும் கல்லில் மலரட்டும். கட்டடச் செலவில் ஒரு சிறு பங்கை உளிக்கென ஒதுக்க ஊர்தோறும் கேளுங்கள். செதுக்கிய பூவின் கீழ் அதன் தமிழ்ப்பெயரையும் பொறிக்கச் சொல்லுங்கள். வாயிலில் நுழையும் சிறுவன் அதைப் படித்தே வளரட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்க் கைவினை!