கடன்படாமல் விருந்து வைப்போம்

(ஒருகொடவத்தையில் தோட்டத்துப் பிள்ளைகளின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. தோட்டத்தில் உள்ள பெற்றோரும் வாசிப்பதற்காக இங்கே தருகிறோம்.)



தீபாவளி நெருங்குது. இந்தச் சந்தியைச் சுற்றிக் கன்டெய்னர் யாட்டிலும் ஸ்டோரிலும் கடைகளிலும் வேலை செய்கிற நீங்கள், ஹட்டன், பதுளை பஸ்ஸுக்கு இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். வெறுங்கையோடு ஊருக்குப் போக முடியுமா? முதலாளியிடம் முற்பணம் கேட்பீர்கள். அங்கே அம்மாவும் அப்பாவும், "பிள்ளை கொழும்பிலேயிருந்து வருது, நாலு பேரைக் கூப்பிட்டுச் சோறு போட வேணும்" என்று தோட்டத்தில் தீபாவளி முற்பணம் எடுப்பார்கள். அது மாசா மாசம் செக்ரோலில் வெட்டுப்படும். ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு பக்கமும் கடன்.

விருந்தே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. லயத்தில் உள்ள எல்லாக் காம்பராவும் ஒன்றாக இருந்து, சிரித்துப் பேசிச் சாப்பிடுகிற நாள் வருசத்தில் எத்தனை வருது? அது கட்டாயம் வேணும். ஆனால் செலவை ரூபாயில் எண்ணாமல் 'பேரில்' எண்ணிப் பாருங்கள். 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அந்தக் கணக்கில் 40,000 ரூபா விருந்து என்றால் ஏறக்குறைய 30 பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் ஒரு மாசத்துக்கு மேல் கொழுந்து பறித்த காசு ஒரு மத்தியானத்தில் முடிந்துபோகுது.

"சடங்கு, கல்யாணம் என்றால் மொய் வரும்தானே?" என்று கேட்பீர்கள். வரும். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாசத்தில் மொய் விருந்து என்றே நடத்துகிறார்கள். ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள், வந்தவர் கொடுத்த காசை நோட்டில் எழுதுவார்கள். கொடுத்தவர் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பிச் செய்ய வேணும், கொஞ்சம் கூட்டியும் வைக்க வேணும். வட்டியில்லாமல் பெரிய தொகை கைக்கு வருவதால் அதை வைத்துக் காணி வாங்கினவர், கடை போட்டவர் உண்டு. திருப்பிச் செய்ய முடியாதவருக்கு ஊரில் தலைகாட்ட முடியாது. நம்முடைய மொய்க் கொப்பியும் அப்படித்தான். அதில் எழுதியிருப்பது வரவு மாதிரித் தெரிந்தாலும் எல்லாம் கடன். அதை நம்பிப் பந்தல் போடக் கூடாது.

எனக்குப் பிடித்தது இங்கே கொழும்பில் நடக்கிற வேறொன்று. வெசாக் நாளில் தன்சல் பார்த்திருப்பீர்கள், வரிசையில் நின்று சாப்பிட்டும் இருப்பீர்கள். ஒரு தெருக்காரர் சேர்ந்து, ஒருவர் அரிசி, ஒருவர் தேங்காய், ஒருவர் விறகு என்று கொடுக்கிறார்கள். காசில்லாதவர் தேங்காய் துருவுகிறார். பெரும்பாலும் ஒரே சாமான்தான். சோறு என்றால் சோறு, மரவள்ளிக்கிழங்கு என்றால் கிழங்கும் சம்பலும். யார் வந்தாலும் கொடுப்பார்கள். யார் பேரையும் கொப்பியில் எழுத மாட்டார்கள். நோன்பு மாசத்தில் பள்ளிவாசல் கஞ்சியும் அப்படித்தான், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளை தூக்குச்சட்டியோடு போனாலும் கிடைக்கும். 2016 மே மாசம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி எல்லாம் தண்ணீரில் நின்றபோதும் இந்த மாதிரி பொதுச் சட்டியில் ஆக்கிய சோறுதான் சனங்களுக்குக் கைகொடுத்தது.

தோட்டத்தில் இதற்கு வேண்டியது எல்லாம் இருக்கு. மரண சகாய சங்கத்தில் கிடாரம், கதிரை, தறப்பாள் இருக்குமே, அதை நல்ல நாளுக்கும் கேட்டு எடுக்கலாம். சாவு வீட்டுச் சாமான் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அரிசிக்கு அது தெரியாது. விருந்து வைக்கிற வீடு சோறும் ஒரு கறியும் ஆக்கட்டும். பருப்பு ஒரு வீடு, சம்பல் ஒரு வீடு, கீரை தோட்டம் போட்டிருக்கிறவர் வீட்டிலேயிருந்து. "ஒன்றும் கொண்டு வராதீங்க" என்று மரியாதைக்குச் சொல்லாமல், "அக்கா, நீங்க பருப்பைப் பார்த்துக்கங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த அக்காவுக்குச் சந்தோசம்தான். கையில் ஒன்றுமே இல்லாத வீட்டைத் தண்ணி பிடிக்க, இலை நறுக்கக் கூப்பிடுங்கள். சாமான் இல்லை என்பதற்காக யாரையும் கூப்பிடாமல் விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, தனியாக இருக்கிற கிழவி வீட்டுக்கு முதல் சோறு போக வேணும்.

ஆம்பிளைகள் கோபிக்கக் கூடாது, ஒன்று சொல்கிறேன். பல வீட்டில் அரிசியையும் இறைச்சியையும் விடப் போத்தலுக்குத்தான் கூடக் காசு போகுது. விருந்து சண்டையில் முடிவதும் அதனால்தான். வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் வைத்தால் இஸ்தோப்பில் நடுச்சாமம் வரை கதைக்கலாம்.

கொழும்பிலேயிருந்து போகிற உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் காசு சேர்த்து, புறக்கோட்டையில் பருப்பும் கடலையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். விளக்குப் போட்டு ஓடுகிற பொம்மைக் கார் இரண்டு நாளில் உடையும். இந்த வாரமே வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, "நான் பருப்பு கொண்டு வாறேன், நீங்க முற்பணத்தை முழுசா எடுக்காதீங்க" என்று சொல்லுங்கள். முற்பணத்துக்குப் பேர் கொடுக்கிறதுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.